முள் நீக்கிய தூண்டில்

மார்ச் 31, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தேகால் மணி. பதிவு அலுவலகத்தின் இரண்டாம் மாடியிலுள்ள நகல் பிரிவில் மூன்றாம் மேசைக்காரர், முப்பத்து நான்கு வருடம் பதினோரு நாள் வேலை பார்த்து ஓய்வு பெற்றார்.

பிரிவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'ஈயடிச்சான்'. அந்தப் பட்டப்பெயரில் கேலி பாதி, மரியாதை பாதி. ஸ்கேன் எந்திரத்தில் வைத்தால் பொடிந்துபோகும் நிலையிலிருக்கும் பழைய பத்திரங்களைப் பார்த்து எழுதுவது அவர் வேலை. மூலத்தில் 'தெற்கு' என்பது 'தெர்க்கு' என்று இருந்தால் நகலிலும் 'தெர்க்கு'தான். ஓரத்தில் சின்னதாக 'மூ.உ.' என்று எழுதிவைப்பார்; மூலத்தில் உள்ளபடி. புதிதாக வந்த அதிகாரி ஒருவர், "தப்புன்னு தெரியுதில்ல, திருத்திடுங்களேன்" என்று சொன்னதற்கு, "திருத்தினா அது நகல் இல்ல சார், வேற பத்திரம்" என்று அவர் பதில் சொன்னது பிரிவில் வெகுநாள் ஓடியது.

எதிர் மேசையில் ஒப்பு நோக்கும் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நகலின் அடியிலும் இரண்டு கையெழுத்து வேண்டும், எழுதியவர் ஒன்று, ஒப்பு நோக்கியவர் ஒன்று. அவள் மூலத்தை உரக்கப் படிப்பாள். இவர் நகலில் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். நிறுத்தற்குறிகளையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது விதி. பத்தொன்பது வருடமாகப் படித்துப் படித்து அது அவள் சொந்தப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. "நாளைக்கு லீவு கமா பொண்ணுக்குக் காய்ச்சல் புள்ளி" என்பாள்.

பிரிவு உபசாரத்துக்கு என்ன பரிசு கொடுப்பது என்று யோசித்தபோது அவள்தான் வழி சொன்னாள். நீளமான பெட்டியைப் பிரித்தால் நான்கு துண்டாகக் கழன்று நிற்கும் தூண்டில் கோல், ஒரு சக்கரம், அதில் மஞ்சள் நரம்பு, படம் போட்ட பதினாறு பக்கப் புத்தகம். பஞ்சும் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈயை நீரின் மேல் மிதக்கவிட்டு மீன் பிடிக்கிற வகை.

"ஈயடிச்சானுக்கு ஈத்தூண்டில்!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். முப்பத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் காதுபட.

"ரிட்டயர் ஆனா எப்படியும் ஈ ஓட்டத்தானே போறீங்க கமா அதை ஓடையில போய் ஓட்டுங்க சார் புள்ளி" என்றாள் அம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

ஏப்ரல் மாதம் அவ்வளவு எளிதாக இல்லை.

நான்காம் மாடியில் ஒரு படுக்கையறை வீடு. அம்மா இருந்தவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டார். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய்க் கடைசியில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. வேலைக்குப் போன நாட்களில் வீடு என்பது தூங்கி எழுகிற இடம். இப்போது அதே வீடு காலை ஆறு மணிக்கே திறந்துகொண்டு, இரவுவரை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுக்கொண்டு நின்றது. பேப்பரை விளம்பரம்வரை படித்தார். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தார். மொட்டை மாடிக்குப் போய், புத்தகத்தில் உள்ளபடி கோலைப் பின்னால் வீசி, ஒரு நொடி நிறுத்தி, முன்னால் வீசிப் பழகினார். மஞ்சள் நரம்பு துணிக்கொடியில் சுற்றிக்கொண்டது. எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

இரண்டாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, தெருமுனைக் கடையில் ரொட்டி கேட்க வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. கடைக்காரர், "என்ன சார், தொண்டை கட்டிக்கிச்சா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவள், இன்னொரு ஊரில் இருக்கிறாள். அவள் வீட்டுப் பின்புறம் தனி வாசலோடு ஓர் அறை சும்மா கிடந்தது. தம்பி ரிட்டயர் ஆனதிலிருந்து அங்கே வந்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கடையில ரொட்டி கேக்க குரல் வரலக்கா" என்றார்.

"வராது. எப்படி வரும்? இப்படியே இருந்தா உனக்குப் பேச்சே மறந்துபோயிடும்டா. கட்டில், மேசை எல்லாம் அப்படியே இருக்கு. பெட்டியைத் தூக்கிட்டு வந்துடு."

"வரலாம்தான்..."

"என்ன 'தான்'? அத்தான் ஒண்ணும் சொல்லமாட்டார். சாப்பாட்டு மேசையில எதிர்ல ஒரு ஆள் உக்காந்தா அவருக்கும் நல்லதுதான். என் மூஞ்சியையே எத்தனை வருஷம் பாக்குறது?"

அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அடுத்தவர் வீட்டுப் பின்னறையில், 'தாத்தா தூங்குறார், சத்தம் போடாதே' என்று அக்காவின் பேரப்பிள்ளைகளிடம் சொல்லப்படுகிற ஆளாக ஆகிவிடுவோமோ என்று பயமும் இருந்தது. அரசாங்க மேசையில் முப்பத்து நான்கு வருடம் நிமிர்ந்து உட்கார்ந்த முதுகு.

மாதக் கடைசியில் அக்காவே கூப்பிட்டாள். நர்சிங் படிக்கிற ஒரு பெண் அறை கேட்டிருக்கிறாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவளும் அவங்கப்பாவும் வராங்க. ரெண்டு வருஷத்துக்குக் கேக்குறாங்க. அதுக்கு முன்னாடி நீ ஒரு வார்த்தை சொல்லிடு. வரேன்னா அவங்களை வேண்டாம்னு அனுப்பிடுறேன். நீ போனே பண்ணலைன்னா வரலைன்னு எடுத்துக்குவேன். உன்னைக் கெஞ்சிக்கிட்டே இருக்க முடியாது தம்பி."

"வெள்ளிக்கிழமை மலைக்குப் போறேன்க்கா. அந்தத் தூண்டிலை எடுத்துக்கிட்டு. மூணு நாள் தனியா இருந்து பாக்குறேன். முடிஞ்சா இங்கேயே இருந்துக்கிறேன். முடியலைன்னா வந்துடுறேன்."

"தனியா இருந்து பாக்கறதுக்கு மலைக்குப் போகணுமா? உன் வீட்ல உக்காந்து அதைத்தானே பண்ணிட்டிருக்க?"

"இங்க இருந்தா சரியாத் தெரியலக்கா."

"நல்லாத் தெரியும். மீன் கிடைச்சா எனக்கும் ஒண்ணு கொண்டா" என்று போனை வைத்தாள்.

பேருந்து அவரை இறக்கிவிட்ட இடத்தில் ஒரு பாலம், பாலத்துக்குக் கீழே ஓடை, மேட்டில் ஆறு அறைகள் கொண்ட ஒரு விடுதி. இரண்டு எட்டில் தாண்டிவிடக்கூடிய ஓடைதான். பெரிய கற்களுக்கிடையில் இறங்கி, அங்கங்கே கட்டில் அளவு, பாய் அளவு குட்டைகளாகத் தேங்கி, மறுபடி இறங்கியது. இருகரையிலும் மரங்கள் தலைக்கு மேல் கைகோத்திருந்தன.

பாலத்தின் அருகே ஒரு தகரப் பலகை. பலகையைப் பார்த்தால் படிக்காமல் போகிற ஆள் இல்லை அவர். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டார்:

'1. நாள் சீட்டு விடுதியில் பெறவும். 2. செயற்கை ஈ மட்டும். 3. முள் நீக்கிய தூண்டில் மட்டுமே அனுமதி. 4. பிடித்த மீனை உடனே நீரில் விட வேண்டும். மீறினால் தன்டனை.'

'தன்டனை'க்கு நேரே 'மூ.உ.' போட்டார்.

விடுதியில் வேறு ஆள் இல்லை. விடுதிக்கார அம்மாள் சீட்டுப் புத்தகத்தில் மூன்று தாள் கிழித்துக் கொடுத்தாள். ஐம்பது வயதிருக்கும். ஸ்வெட்டரின் இரண்டு பையிலும் சாவிகள்.

"ஈ வச்சிருக்கீங்களா சார்?"

"பெட்டியில வரல. கோல் மட்டும்தான்."

"அது நல்லதுதான். கடையில விக்கிற கலர் கலர் ஈயெல்லாம் இந்த மீன் சீந்தாது." கல்லாவின் மேல் ஒரு தக்கைத் துண்டில் குத்திவைத்திருந்த ஈயைக் காட்டினாள். நகத்தளவு, சாம்பல் இறகு, பழுப்பு நூல். "இந்த ஓடைக்கு இது ஒண்ணு போதும். வரவங்க இதைப் பாத்துத் தாங்களே செஞ்சுக்குவாங்க. சாமான் எல்லாம் அந்த பிஸ்கட் டின்னுல இருக்கு. பாத்துச் செய்வீங்களா?"

பார்த்துச் செய்வீர்களா என்று அவரிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். "செய்வேன்" என்றார்.

மாலை முழுதும் சாப்பாட்டு அறை ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறு ஈக்கள் செய்தார். டின்னில் இருந்த சின்ன இடுக்கியை மேசை விளிம்பில் முடுக்கி, அதில் தூண்டில் முள்ளைப் பொருத்தி, பூதக்கண்ணாடி வழியாக மூலத்தைப் பார்த்துப் பார்த்து நூலைச் சுற்றினார். பதினோரு சுற்று. வாலில் மூன்று இழை. இறகு இடப்பக்கம் சாய்ந்திருந்தது; செய்தவருக்குக் கை தவறியிருக்க வேண்டும். அவரும் இடப்பக்கமே சாய்த்தார்.

கடைசியில்தான் ஒன்றைக் கவனித்தார். மூலத்தில் முள்ளுக்கு நுனி இல்லை. வளைவு முடிகிற இடத்தில் குறட்டால் வெட்டியதுபோல் மொட்டையாக நின்றது. டின்னிலிருந்த முட்களோ ஊசியாக இருந்தன.

நோட்டை எடுத்து மூன்றாம் விதியைப் படித்தார். முள் நீக்கிய தூண்டில் மட்டுமே அனுமதி. நான்காம் விதியைப் படித்தார். பிடித்த மீனை உடனே விட்டுவிட வேண்டும். எப்படியும் விடப்போகிற மீனுக்குக் குத்து எதற்கு என்று நினைத்திருப்பார்கள். ஈயை வாயில் கவ்விக்கொண்டிருக்கும்போதே நரம்பு தளராமல் இழுத்துக் கரைசேர்ப்பதுதான் இந்த விளையாட்டின் கஷ்டமே போலிருக்கிறது. விதி ஒன்று சொல்கிறது, மாதிரி அதையே காட்டுகிறது. நகல் பிரிவில் இதற்கு மேல் சாட்சி கேட்கமாட்டார்கள்.

டின்னில் கிடந்த குறட்டை எடுத்து ஆறு ஈக்களின் நுனியையும் ஒவ்வொன்றாக வெட்டினார். மூலத்தில் எவ்வளவு வெட்டியிருந்ததோ அவ்வளவு.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓடையில் இறங்கினார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டும் குளிர் எலும்பைத் தொட்டது. மீன் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும், அதனால் கீழிருந்து மேலே போக வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. கீழிருந்து மேலே போனார். நிழல் விழக்கூடாது, மண்டியிட வேண்டும் என்று இருந்தது. மண்டியிட்டார். மொட்டை மாடியில் பழகிய வீச்சு இங்கே உதவவில்லை. பின்னால் வீசினால் மரம், முன்னால் வீசினால் மரம். முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு ஈக்கள் கிளைகளுக்குப் போயின. பிறகு வீசுவதை விட்டுவிட்டுக் கோலை நீட்டி, நரம்பைக் கொஞ்சமாகத் தொங்கவிட்டு, ஈயைக் குட்டையின் மேல்முனையில் இறக்கிவைக்கப் பழகினார்.

ஈ நுரையோடு மிதந்து வந்தது. ஒரு கல்லின் நிழலைத் தொட்டதும் அதற்கடியில் தண்ணீர் லேசாக வீங்கியது. ஒரு சின்ன வாய் திறந்து மூடியது. ஈயைக் காணோம்.

"ஐயோ!" என்றார் வாய்விட்டு. கோலைத் தூக்கினார். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, மறுமுனையில் ஏதோ உயிரோடு உதறியது. அப்புறம் நரம்பு லேசாகி ஈ காற்றில் வந்தது.

திரும்பிப் பார்த்தார். பார்த்தீர்களா என்று கேட்க அந்தப் பக்கம் ஒரு கல் இருந்தது, அதன்மேல் பாசி இருந்தது.

நோட்டை எடுத்து எழுதினார்: '9.40 – வந்தது. போனது.'

பகல் முழுதும் அதுதான். மீன்கள் வந்தன. பசித்த மீன்கள்; யோசிக்கிற வகை இல்லை. வந்தன, கவ்வின, உதறின, போயின. நோட்டில் வரிகள் நீண்டன. தன் கையில்தான் பிழை என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. சீக்கிரம் தூக்கிப் பார்த்தார், தாமதமாகத் தூக்கிப் பார்த்தார், மெதுவாக இழுத்துப் பார்த்தார், வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றையும் எழுதினார்.

மத்தியானம் ஒரு பாறையில் உட்கார்ந்து விடுதிக்காரி கட்டிக்கொடுத்த ரொட்டியையும் முட்டையையும் சாப்பிட்டார். எங்கே தப்பு என்று பார்ப்பதற்காக நோட்டை உரக்கப் படித்தார். "பதினொன்று ஐந்து கமா வந்தது புள்ளி போனது புள்ளி." படித்துவிட்டு விரலை அடுத்த வரிக்கு நகர்த்தி, "சரி" என்றார். அடுத்த வரியைப் படித்தார். "சரி" என்றார். நாலு வரி போன பிறகுதான், படிக்கிற குரல் ஒன்று, சரி சொல்கிற குரல் ஒன்று என்று இரண்டு குரலில் பேசிக்கொண்டிருப்பது உறைத்தது. நோட்டை மூடினார். ஓடை தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. அதற்கு யாரும் சரி சொல்ல வேண்டியதில்லை.

மாலை விடுதிக்குத் திரும்பியபோது அம்மாள் சூப்பை வைத்துவிட்டு, "வந்துச்சா சார்?" என்றாள்.

"வந்துச்சு. போயிடுச்சு."

"எத்தனை?"

"பதினேழு."

"பதினேழா!" அவள் கரண்டியோடு நின்றாள். "பதினேழு வந்து ஒண்ணுமா நிக்கல? பழகப் பழக நிக்கும் சார். முதல் தடவைதானே."

ஈயை எடுத்துக் காட்டியிருக்கலாம். தோன்றவில்லை. செய்து முடித்த நகலை யாரிடமும் கேட்காமல் காட்டிப் பழக்கமில்லை அவருக்கு. எதிர் மேசையிலிருந்து கை நீளும், கொடுப்பார். அவ்வளவுதான். அம்மாள் தன் அறைக்குப் போய் டி.வி. போட்டுக்கொண்டாள். சுவருக்கு அந்தப்பக்கம் யார் யாரோ சிரித்தார்கள். அவர் மூன்று காலி மேசைகளுக்கு நடுவே சூப்பைக் குடித்து முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கணக்கு முப்பத்தொன்று. பாலத்திலிருந்து வெகுதூரம் மேலே வந்துவிட்டிருந்தார். கைக்கடிகாரம் நனையக்கூடாதென்று கழற்றிப் பையில் வைத்திருந்தார். எழுதும்போது மட்டும் எடுத்துப் பார்ப்பார். மழையில்லாத பகல், மரங்களுக்கிடையே துண்டு துண்டாக வெயில்.

"சீட்டு இருக்கா சார்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். கரையில் பெருத்த உடம்போடு ஒரு ஆள், இடுப்புவரை ரப்பர் கால்சட்டை, ஏதோ பெயின்ட் கம்பெனித் தொப்பி, தொப்பி விளிம்பில் வரிசையாக ஈக்கள். ஓடைக் காவலர்.

சீட்டைக் காட்டினார். காவலர் திருப்பிப் பார்த்துக் கொடுத்தார்.

"முள்ளைக் காட்டுங்க. நீக்கியிருக்கா?"

"நீக்கியிருக்கு" என்று பெருமையோடே ஈயை நீட்டினார்.

காவலர் அதைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார். கண்ணருகே கொண்டுபோனார். விரல் நுனியில் குத்திப் பார்த்தார். முகம் மெல்லச் சிவந்தது. அப்புறம் பாறையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சத்தம் பின்னால்தான் வந்தது.

"சார்... தப்பா எடுத்துக்காதீங்க சார்... நுனியையே வெட்டிட்டீங்களே!"

"பலகையில முள் நீக்கியன்னு..."

"முள்ளுன்னா முழு முள்ளு இல்ல சார்! நுனிக்குக் கொஞ்சம் கீழ, பின்னால பாத்து ஒரு குட்டி முள்ளு நிக்கும். உள்ள போனா வெளிய வராது, வாயைக் கிழிச்சிடும். அதைத்தான் குறட்டால அழுத்தித் தட்டையாக்கச் சொன்னது. நுனி இல்லாம மீன் எப்படி சார் நிக்கும்?"

"விடுதியில வச்சிருந்த ஈயும் இப்படித்தான் இருந்தது. அதைப் பாத்துத்தான் செஞ்சேன்."

"அது பார்வைக்கு வச்சது! போன வருஷம் யாரோ கல்லாவில கையை ஊனி முள்ளு ஏறி ரகளை. அதான் அந்தம்மா நுனியை நறுக்கிட்டாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை தடவை வந்துச்சு?"

"முப்பத்தொண்ணு."

"முப்பத்தொண்ணா! ரெண்டு நாளா மீனுக்கெல்லாம் முத்தம் குடுத்துட்டு இருந்திருக்கீங்க." மறுபடி சிரிப்பு வந்து அடக்கினார். "கூட யாரும் வரலையா சார்? பக்கத்துல ஒரு ஆள் நின்னிருந்தா முதல் நிமிஷமே சொல்லியிருப்பாங்களே."

"தனியாத்தான் வந்தேன்."

அந்தக் குரலில் எதையோ கேட்டு, காவலர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அவருக்கு அவமானமாக இல்லை. அதைவிடக் கெட்டதாக ஒன்று இருந்தது. முப்பத்து நான்கு வருடத்தில் தன் நகலில் பிழை வந்ததே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தார். வராமல் இருந்ததற்கு அவர் மட்டும் காரணமில்லை. பக்கத்துக்குப் பக்கம் எதிரில் ஒருத்தி உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் இல்லாத முதல் வேலையில், ஊரே சிரிக்கிற பிழையை ஆறு பிரதி எடுத்திருக்கிறார். இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு தன் கையையே குறை சொல்லியிருக்கிறார். நாளைக்கு வீட்டில் இதுபோல் எதுவோ ஒன்று தப்பாகப் போகும். மாத்திரையோ, அடுப்போ. மாதக்கணக்கில் அது அப்படியே போகும். சொல்ல ஆள் இருக்காது.

அக்காவிடம் வருகிறேன் என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அந்தப் பாறை அருகே நின்றுகொண்டே, சந்தேகமில்லாமல் முடிவு செய்தார். மனசிலிருந்து ஒரு கனம் இறங்கியது.

"மணி என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"மூணே கால்."

இங்கே செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. விடுதிக்குப் போக முக்கால் மணி நேரம். ஐந்துக்குக் கிளம்பினால் போதும்.

காவலர் தொப்பியிலிருந்து ஒரு ஈயைக் கழற்றினார். குட்டி முள் தட்டையாக்கப்பட்டு, நுனி பளிச்சென்று இருந்தது. "இதை வச்சுக்கங்க. ஒண்ணே ஒண்ணுதான். மரத்துக்குக் குடுத்துடாதீங்க." நாலு எட்டு போய்த் திரும்பினார். "மேல போகப் போகக் குட்டை பெருசா இருக்கும் சார்." மரங்களுக்கிடையில் அந்தத் தொப்பி கொஞ்சநேரம் தெரிந்தது, பிறகு மறைந்தது.

புது ஈயைக் கட்டினார். முதல் குட்டையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்று வந்து, அவர் பதறி இழுத்ததில் போய்விட்டது. மூன்றாவது குட்டையில் ஒரு மரவேர் நீரில் இறங்கியிருந்தது. வேரை ஒட்டி ஈயை இறக்கினார். நீர் வீங்கியது. கோலைத் தூக்கினார்.

இந்தத் தடவை அது போகவில்லை.

கோல் நடுங்கியது. மஞ்சள் நரம்பு குட்டையைக் குறுக்காக அறுத்தது. இரண்டு நாளாக ஒரு விநாடியாக மட்டும் கிடைத்த அந்த உதறல், இப்போது விடாமல் கைக்குள் வந்துகொண்டே இருந்தது. மண்டியிட்டபடியே கையை நனைத்து அதை ஏந்தினார். உள்ளங்கை நீளம்தான். பழுப்பு முதுகில் கறுப்புப் புள்ளிகள், விலாவில் ஏழெட்டு சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொரு சிவப்பைச் சுற்றியும் நீல வளையம். செவுள் திறந்து மூடியது. முள்ளை விரலால் தள்ளியதும் தானே கழன்றது. கையைத் தாழ்த்தினார். மீன் ஒரு கணம் கையிலேயே நின்றது, போகலாமா என்று யோசிப்பதுபோல. பிறகு கை காலியாக இருந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டையும் எடுக்கவில்லை. அடுத்த குட்டைக்கு ஏறினார்.

அங்கே ஒன்று. அதற்கு மேலே இரண்டு. ஒரு வளைவில் பாறைக்குப் பின்னால் கணுக்கால் அளவு நீரில், யாரும் மீன் இருக்குமென்று நினைக்காத இடத்தில், எல்லாவற்றிலும் பெரியது. கை எப்போது தூக்க வேண்டுமென்று அதுவே தெரிந்துகொண்டது. மரங்கள் எங்கே கை நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று தோளுக்குத் தெரிந்தது. காலில் குளிர் தெரியவில்லை. ஒரு குட்டையிலிருந்து இன்னொன்று, அதற்குமேல் இன்னொன்று. இதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று ஒவ்வொன்றிலும் நினைத்தார். ஒப்பு நோக்கும் அம்மாள், அக்கா, பின்னறை, தெருமுனைக் கடை எதுவும் அவர் தலையில் இல்லை. அவரேகூட இல்லை.

ஒரு குட்டையில் ஈ கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். அப்போதும் தெரியவில்லை. நிமிர்ந்தார். எதிர்ச்சரிவின் உச்சியில் மட்டும் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பையைக் கிளறிக் கடிகாரத்தை எடுத்தார். ஆறு இருபது.

கோலைக் கழற்றாமல் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார். ஓடுகிற வயசில்லை. ஒரு கல்லில் வழுக்கி முழங்கால் தேய்ந்தது. கோலின் நுனித்துண்டு எங்கோ விழுந்தது, எடுக்க நிற்கவில்லை. விடுதிக்குள் நுழைந்தபோது மணி ஏழே கால். பூட்ஸிலிருந்து தரையெல்லாம் தண்ணீர். "போன்..." என்றார். விடுதிக்கார அம்மாள் கல்லாவிலிருந்த போனை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அக்கா."

"வந்துட்டியா? எங்கடா இருக்க? ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"ஓடையிலதான் இருந்தேன். நேரம் பாக்கல."

"நான் ஆறரைவரைக்கும் பாத்தேன் தம்பி. அவங்க வந்து உக்காந்துட்டாங்க. அத்தான் என் மூஞ்சியப் பாக்குறார், நான் போனைப் பாக்குறேன். எத்தனை நேரம் டீயைக் குடுத்து உக்கார வைக்கிறது?"

"சரிக்கா."

"சாவி குடுத்தாச்சு. நல்ல பொண்ணா இருக்கு." அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ போன் பண்ணலைன்னதும், சரி, அவனுக்குத் தனியா இருக்கறது ஒத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படித்தானே? வரேன்னு சொல்லவா கூப்பிட்ட?"

விடுதிக்கார அம்மாள் ஒரு துணியைப் போட்டுக் காலால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா. மீன் கிடைச்சதுன்னு சொல்லத்தான்."

"கிடைச்சுதா! எத்தனை?"

"எண்ணல."

"நீயா எண்ணல?" அக்கா சிரித்தாள். "சரி, ஈரத்தோட நிக்காத. போய்ச் சாப்பிடு."

திங்கட்கிழமை காலை முதல் பேருந்தில் அவர் வீடு திரும்பினார். மே மூன்றாம் தேதி, புதன்கிழமை, நர்சிங் மாணவி அக்காவின் பின்னறையில் குடியேறினாள். ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு.